வீடு தேடிப் போன மானியம்

கேரளத்தின் சம்ஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்துக்காக டெல்லி ஒதுக்கிய பணம் திருவனந்தபுரத்தில் பளிங்குக் கட்டடமாக எழவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த சிறு பள்ளிகளுக்கு, ஆசானின் சம்பளமாகவும் மாணவரின் மாதப் பணமாகவும் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாடு கூர்ந்து பார்க்க வேண்டிய ஏற்பாடு அது.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவின் நெரிசலைத் தாண்டிக் கிள்ளிப்பாலம் பக்கம் போனால் வலியசாலை வருகிறது. அக்கிரகார வீடுகளும் காந்தளூர் மகாதேவர் கோயிலும் உள்ள பழைய பகுதி. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வருகிற காந்தளூர்ச் சாலை இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. விழிஞம் என்று சொல்வோரும் உண்டு. அந்தப் பழைய கல்விச்சாலையின் பெயரைச் சுமந்து நிற்கும் இந்தத் தெருக்களில்தான் 'மார்கி' என்ற நிறுவனத்தின் கூடியாட்டப் பள்ளி இருக்கிறது. பெரிய பெயர்ப்பலகையோ வாகன நிறுத்தமோ எதிர்பார்த்துப் போகிறவர் தாண்டிப் போய்விடுவார்.

ஒரு வட்டாரத்தின் கலையை வளர்ப்பது யார் வேலை? அரசா, ஊர்க்காரர்களா? இரண்டு பேரும் சேர்ந்தால் யார் கை மேலே இருக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு மேடைப் பேச்சில் கிடைக்கும் பதில்களைவிட, வலியசாலையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்திருப்பதைப் பார்ப்பது நல்லது.

கூடியாட்டம் நமக்கு அந்நியக் கலை இல்லை. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் முன்னால் கொட்டிச்சேதம் ஆடிக்காட்டும் பறையூர்க் கூத்தச்சாக்கையன், இன்றைய சாக்கியார்களின் முன்னோடி என்றே கொள்ளப்படுகிறான். அரியலூர்ப் பக்கத்துக் காமரசவல்லியில், சாக்கைக் கூத்து ஆடுகிறவருக்கு நிலம் விட்ட சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. சாக்கைக் காணி என்று அந்த நிலத்துக்குப் பெயர். நம் பக்கத்தில் காணியும் போய்க் கூத்தும் போனது. மலைக்கு மேற்கே அது கோயிலுக்குள் ஒதுங்கி உயிரோடு இருந்தது. காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசம் என்ற அங்கதத்தை இன்றும் நேர்த்திக்கடனாக ஆடுவது கேரளக் கோயில்களில்தான். நம் மன்னன் எழுதிய நாடகத்தைப் பார்க்க நாம் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சம்ஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் நாடகங்கள் தொலைந்துபோயின என்று உலகம் முடிவுகட்டியிருந்தபோது, 1909-ல் பத்மநாபபுரம் அருகே மணலிக்கரை மடத்தில் ஓலைச்சுவடிகளாக அவற்றைக் கண்டெடுத்தவர் த. கணபதி சாஸ்திரி. திருநெல்வேலிச் சீமையின் தருவை அவர் சொந்த ஊர். 1912 முதல் அந்த நாடகங்கள் திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல்வரிசையில் அச்சாயின. அறிஞர்களுக்கு அது கண்டுபிடிப்பு. ஆனால் அதே அபிஷேகமும் பிரதிமாவும் சாக்கியார் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்தவை. ஆட்டப்பிரகாரம் என்னும் நடிப்புக் கையேடுகள் அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் இருந்தன. பிரதிமாவின் பெயரை உலகத்துக்கு அச்சு சொன்னது. அதை எப்படி ஆடுவது என்பதைக் குடும்பங்கள்தான் காப்பாற்றி வைத்திருந்தன. இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது எல்லாம் புரியும்.

நிலம் போன பிறகு

கூடியாட்டத்தில் ஆண் வேடம் சாக்கியாருக்கு, பெண் வேடம் நங்கியாருக்கு, மிழாவு கொட்டுவது நம்பியாருக்கு. செப்புக் குடத்தின் வாயில் தோல் கட்டியது மிழாவு. மேடை முன்னால் ஒரே ஒரு நிலவிளக்கு. அதில் மூன்று திரி. இரண்டு நடிகரைப் பார்த்தும் ஒன்று அவையைப் பார்த்தும் எரியும். நாடகத்தின் ஓர் அங்கத்தை ஆடி முடிக்கவே பல இரவுகள் ஆகும். ஒரு பாத்திரம் தன் முன்கதையைத் தனியாக நடித்துக் காட்டும் நிர்வஹணம் மட்டுமே நாள்கணக்கில் நீளும். இப்படி ஒரு கலையை நுழைவுச்சீட்டு விற்று நடத்த முடியாது. கோயில் நிலமும் குடும்பங்களுக்கு விட்ட மானிய நிலமும்தான் அதைத் தாங்கின.

கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் முழு வேகத்தில் நடைமுறைக்கு வந்தது. உழுதவனுக்கு நிலம் கிடைத்தது. அதைவிட நியாயமான சட்டம் அந்த மாநிலத்தில் வேறு வந்ததில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்த நிலத்தின் வருமானத்தில் ஓடிய கூத்துக்கு அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து என்று அப்போது பெரும்பாலோர் கேட்கவில்லை. கேட்டவர்கள் சிலர்தான்.

கோயில் மதிலுக்கு வெளியே கலையைக் கொண்டுவரும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1949-ல் பைங்குளம் ராம சாக்கியார் முதன்முதலாகக் கோயிலுக்கு வெளியே ஆடினார். சொந்தச் சமூகத்தின் எதிர்ப்பைச் சம்பாதித்தார். 1962-ல் மாணி மாதவ சாக்கியாரைக் கேரள எல்லைக்கு வெளியே முதன்முதலில் அழைத்து ஆட வைத்தது சென்னைதான். வி. ராகவன் முன்னின்ற சம்ஸ்கிருத ரங்கம் என்ற உள்ளூர் அமைப்பு அதைச் செய்தது. நம் ஊர் அமைப்பு ஒன்று அன்றைக்குக் கதவைத் திறந்ததை நாம் மறந்துவிட்டோம். 1965-ல் கேரள கலாமண்டலம் கூடியாட்டத்துக்குத் தனித் துறை தொடங்கிப் பைங்குளத்தாரை ஆசானாக அமர்த்தியது. பிறப்பால் சாக்கியாரோ நங்கியாரோ அல்லாத பிள்ளைகளும் அங்கே கற்கத் தொடங்கினார்கள். கலையின் வரலாற்றில் அதுவே பெரிய திருப்பம்.

ஒரு பொறியாளரின் கணக்கு

நிலச்சீர்திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்த அதே 1970-ல் திருவனந்தபுரத்தில் மார்கி பிறந்தது. தொடங்கியவர் டி. அப்புக்குட்டன் நாயர், தொழிலால் பொறியாளர். கலாமண்டலத்தின் கூத்தம்பலம் என்ற மரபு அரங்கை வடிவமைத்தவர் அவர்தான். ருக்மிணி தேவியின் கனவான சென்னை கலாக்ஷேத்ராவின் கூத்தம்பல அரங்கிலும் அவர் கை இருக்கிறது. முதலில் கோட்டைக்குள் கதகளிப் பள்ளி. சுருக்கப்பட்ட, பார்வையாளருக்காக அவசரப்படுத்தப்பட்ட கதகளி பெருகிவந்த காலத்தில், பழைய விரிந்த முறையிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்தார்கள். 1981-ல் கூடியாட்டமும் சேர்ந்தது. அம்மன்னூர் மாதவ சாக்கியார், மூழிக்குளம் கொச்சுக்குட்டன் சாக்கியார், மிழாவில் பி.கே. நாராயணன் நம்பியார் என்று அந்தக் காலத்தின் முதல்வரிசை ஆசான்கள் அங்கே கற்பித்தார்கள்.

மார்கி செய்தது எளிமையானது. ஆசானுக்கு மாதச் சம்பளம். மாணவருக்கு மாத உதவித்தொகை. தவறாமல் நடக்கும் ஆட்டங்கள். அவற்றைப் பார்க்க வரும் ஊர்க்காரர்கள். இந்த நான்கும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தால்தான் கலை அடுத்த தலைமுறைக்குப் போகும். இதில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் நிற்காது. ஆசான் இருந்து மாணவர் இல்லாத கலைகளை நாம் தினமும் பார்க்கிறோம். மாணவர் இருந்து மேடை இல்லாத கலைகளும் நம்மிடம் நிறைய உண்டு.

அங்கே கற்றவர்களும் ஆடியவர்களும் தங்கள் பெயருக்கு முன்னால் 'மார்கி' என்று போட்டுக்கொண்டார்கள். மார்கி சதி, மார்கி உஷா, மார்கி மது. குடும்பப் பெயர் நின்ற இடத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து உட்கார்ந்தது. அரசுத் துறை ஒன்றின் பெயரை எந்தக் கலைஞரும் இப்படித் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மார்கி சதியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். செறுதுருத்தியைச் சேர்ந்தவர், கலாமண்டலத்தில் பயின்று 1988-ல் திருவனந்தபுரம் வந்தார். நங்கியார் கூத்து என்பது பெண் ஒருத்தி தனியாக ஆடுவது. மரபாக அதற்குக் கிருஷ்ண சரிதம் ஒன்றுதான் உண்டு. சதி உட்கார்ந்து ஸ்ரீராம சரிதத்துக்கு ஆட்டப்பிரகாரம் எழுதினார். எழுதியதை ஆடியும் காட்டினார். சீதையின் பார்வையிலிருந்து ராமாயணத்தைச் சொல்ல நங்கியார் மேடைக்கு அதனால் வழி கிடைத்தது. 2015-ல், ஐம்பது வயதில் அவர் போய்விட்டார். அவர் எழுதியதை இன்று வேறு பெண்கள் ஆடுகிறார்கள். கலையைப் பாதுகாப்பது என்றால் பழையதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்று நினைப்பவர்களுக்கு அவர் வேலையே பதில். பத்து இருபது ஆண்டு நிம்மதியாக ஒரே இடத்தில் உட்கார வழி செய்தால், கலைஞர் புதிதாக எழுதுவார்.

டெல்லி செய்த நல்ல காரியம்

2001 மே 18-ல் யுனெஸ்கோ முதன்முறையாக உலகின் வாய்மொழி மரபுச் செல்வங்கள் 19-ஐ அறிவித்தது. இந்தியாவிலிருந்து அந்தப் பட்டியலில் இருந்தது கூடியாட்டம் ஒன்றுதான். அதற்கான ஆவணத்தைத் தயாரித்தவர் மார்கியோடு நெருங்கிய தொடர்புள்ள அறிஞர் சுதா கோபாலகிருஷ்ணன். 2008-ல் அது மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுக்கான பட்டியலுக்குள்ளும் வந்தது.

பட்டம் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்த கதை. பெருநகரத்தில் ஒரு தேசிய மையம், குளிரூட்டிய அரங்கம், இயக்குநர், துணை இயக்குநர், வாகனம். கலைஞர்கள் விழா நாளில் மட்டும் வந்து போவார்கள். சங்கீத நாடக அகாதெமி 2007-ல் திருவனந்தபுரத்தில் கூடியாட்ட கேந்திரத்தைத் தொடங்கியபோது இந்தப் பாதையில் போகவில்லை. 1990-களிலிருந்தே கூடியாட்டத்துக்கென்று தனித் திட்டம் வைத்து உதவிவந்த அனுபவம் அதற்கு இருந்தது. கேந்திரம் தானாக ஒரு பள்ளியைத் தொடங்காமல், இருக்கிற பள்ளிகளைத் தேடிப் போனது. திருவனந்தபுரத்தில் மார்கி, இரிஞ்ஞாலக்குடையில் 1982-ல் தொடங்கிய அம்மன்னூர் குருகுலம், மூழிக்குளத்தில் மார்கி மது நடத்தும் நேபத்யா, பைங்குளத்தில் ராம சாக்கியார் நினைவுக் கலாபீடம் போன்ற இடங்களுக்கு ஆசானின் ஊதியமும் மாணவர் உதவித்தொகையும் ஆட்டங்களுக்கான செலவும் போயின. கேந்திரம் ஒருங்கிணைப்பாளர், கற்பிப்பது எப்படி என்பது அந்தந்தக் குருகுலத்தின் பொறுப்பு.

இது சரியான முடிவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒவ்வொரு குருகுலத்துக்கும் தனித்தனி நடிப்பு வழி உண்டு. அம்மன்னூர் வழியும் மாணி வழியும் ஒன்றல்ல. ஒரே சுலோகத்தை இருவர் இருவிதமாக விரிப்பார்கள். எல்லாரையும் ஒரே மையத்துக்குக் கொண்டுவந்து ஒரே பாடத்திட்டத்தில் போட்டிருந்தால் பத்தே ஆண்டில் கூடியாட்டம் ஒரேவிதமாகியிருக்கும். கலை பிழைத்திருக்கும், வழிகள் அழிந்திருக்கும். நேபத்யா போன்ற சிற்றூர்க் குருகுலத்தின் முழுநீள ஆட்டங்களைப் பல இரவு உட்கார்ந்து பார்க்க எருசலேமிலிருந்து டேவிட் ஷுல்மன் தன் மாணவர்களோடு வந்ததும் அந்தந்த இடத்தின் தனித்தன்மைக்காகத்தான். தமிழும் தெலுங்கும் சம்ஸ்கிருதமும் அறிந்த அந்தப் பேராசிரியர் தலைநகர விழா எதையும் தேடிப் போகவில்லை.

அதே 2007-ல் சென்னை

அதே 2007-ல் சென்னையில் 'சென்னை சங்கமம்' தொடங்கியது. அரசின் சுற்றுலா, பண்பாட்டுத் துறையும் தமிழ் மையம் என்ற அமைப்பும் சேர்ந்து நடத்தின. பறையும் கரகமும் தெருக்கூத்தும் நகரத்துப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் வந்தன. சபாக்களின் வாசலை மிதிக்காத கலைஞர்களைச் சென்னை நடுத்தெருவில் பார்த்தது. அந்த மரியாதை உண்மையானது; நீண்ட நாள் கடன் ஒன்று அன்று அடைந்தது. 2023 முதல் அரசே அதை 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரோடு மறுபடி நடத்துகிறது. நடக்கட்டும். இன்னும் பல ஊர்களுக்குப் போகட்டும்.

ஆனால் விழா முடிந்து கலைஞர் ஊர் திரும்புகிறார். மாசி, பங்குனியில் கொடை விழா இருக்கும், ஆடியிலும் இருக்கும். மற்ற மாதங்களில்? அவர் பிள்ளை பறையைக் கையில் எடுப்பதா, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வண்டி ஏறுவதா? இந்தக் கேள்விக்குத் திருவிழாவால் பதில் சொல்ல முடியாது. மாதம்தோறும் வருகிற ஒரு தொகையால்தான் முடியும்.

தமிழ்நாட்டில் இதைப் புரிந்துகொண்டவர்கள் இல்லாமல் இல்லை. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே த புரூனும் கட்டைக்கூத்துச் சங்கத்தை 1990-ல் தொடங்கினார்கள். 2002 முதல் குருகுலம் நடத்தினார்கள். பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே இடத்தில் கிடைத்தன. அதுவரை ஆண்களே ஆடிவந்த மேடையில் பெண் பிள்ளைகள் ராஜ வேடம் கட்டி ஆடினார்கள். 2020-ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. மார்கிக்கு நிகரான ஒரு வீடு நம்மிடம் இருந்தது. அதைத் தேடி நிலையான மானியம் எதுவும் போய்க் கதவைத் தட்டவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தத்தைவிடக் கோபமே அதிகமாக வருகிறது.

கேரளத்தில் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. திருவனந்தபுரம் வட்டாரத்தில் வழங்கும் காக்காரிசி நாடகம் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சோடு நடக்கும் நாட்டார் ஆட்டம். ஆற்றுகால் பகவதி கோயில் திருவிழாவில் பாடப்படும் தோற்றம் பாட்டு கண்ணகியின் கதையைச் சொல்கிறது. சம்ஸ்கிருத நாடகத்துக்குக் கிடைத்த கேந்திரம் போன்ற ஒன்று இவற்றுக்குக் கிடைக்கவில்லை. யுனெஸ்கோ முத்திரையும் சம்ஸ்கிருதத்தின் மதிப்பும் டெல்லியின் கண்ணைக் கூடியாட்டத்தின் பக்கம் திருப்பின என்பதை மறைக்கக் கூடாது. கீழே இருந்தவர்களின் கலைக்கு அந்தப் பரிந்துரை இல்லை. இன்னொரு கவலையும் உண்டு. மானியத்தையே நம்பிய பள்ளிக்குக் கோப்பு ஒரு மேஜையில் நின்றால் இங்கே உதவித்தொகை நிற்கும். பழைய நிலமானியத்துக்கு அந்தப் பயம் இல்லை. நெல் எந்த அமைச்சகத்தின் கையெழுத்துக்கும் காத்திருப்பதில்லை.

பார்க்க வருகிறவர்கள்

மானியத்தால் வாங்க முடியாத ஒன்று, பார்வையாளர். அதை உள்ளூர் அமைப்புகள்தான் உண்டாக்குகின்றன. திருவனந்தபுரம் இதற்கும் சான்று தருகிறது. 1965-ல் அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் நண்பர்களும் சித்ரலேகா என்ற திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகத் திரைப்படச் சங்கங்கள் முளைத்தன. அடூரின் முதல் படமான 'சுயம்வரம்' 1972-ல் வந்தபோது அதைத் தயாரித்தது சித்ரலேகா கூட்டுறவு. மத்திய அரசின் திரைப்பட நிதிக் கழகம் கடன் கொடுத்தது. டெல்லிப் பணமும் உள்ளூர்ச் சங்கமும் சேர்ந்த இன்னொரு கணக்கு இது. 1998-ல் மாநில அரசு சலச்சித்திர அகாதெமியை அமைத்து உலகத் திரைப்பட விழாவை அதனிடம் ஒப்படைத்தபோது அரங்குகளை நிறைத்த கூட்டத்தில் பெரும்பங்கு அந்தச் சங்கங்கள் முப்பது ஆண்டுகளாகப் பழக்கிய கண்கள்.

அதற்கும் முன்னால் நூலகங்கள். 1945-ல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தை உண்டாக்கினார். அந்தச் சிற்றூர் நூலகங்களின் முற்றத்தில்தான் நாடகமும் கவியரங்கும் படக் காட்சியும் நடந்தன. இன்று கேரள அரசின் பண்பாட்டுத் திட்டம் ஒன்று கிராமத்துக்குள் நுழைந்தால் அதை வரவேற்க அங்கே ஒரு நூலகமும் ஒரு சங்கமும் காத்திருக்கின்றன.

அண்மைக் காலத்தில் அந்த மாநிலம் செய்த இரண்டு காரியங்களும் இந்த வழியில் வருகின்றன. வஜ்ர ஜூபிலி உதவித்தொகைத் திட்டத்தில் ஆயிரம் இளம் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, உள்ளாட்சி அமைப்புகளோடு சேர்த்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அங்கே கட்டணம் இல்லாமல் கற்பிக்கிறார்கள். குழந்தையும் வரலாம், அறுபது வயதுப் பாட்டியும் வரலாம். கோவளம் அருகே வெள்ளாரில் நொடிந்து கிடந்த கைவினைக் கிராமத்தைச் சுற்றுலாத் துறை ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைத்தது. 2021 ஜனவரியில் அது புதிதாகத் திறந்தது. 1925-ல் வாக்படானந்தரின் வழிகாட்டலில் வடகரைப் பக்கத்துத் தொழிலாளர்கள் தொடங்கிய சங்கம் அது. சாலை போடுகிறவர்கள் கைவினைஞருக்குப் பட்டறை நடத்துகிறார்கள். கூலி என்றால் என்ன என்று அறிந்தவர்கள் நடத்துவது கைவினைஞருக்கு நல்லதுதான்.

தமிழ்நாட்டில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் தெற்கைக் காட்டுவேன். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்த மண். நாகர்கோவில் பக்கத்துத் தோல்பாவைக் கூத்துக் குடும்பங்களை அ.கா. பெருமாள் பல ஆண்டுகள் கூடவே நடந்து எழுதி வைத்திருக்கிறார். நெல்லையிலும் குமரியிலும் சுடலைமாடன் கொடைகளில் மகுடம் அடித்துக் கணியான் கூத்து ஆடும் சமூகம் இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையிடம் ஆவணமும் ஆய்வு மரபும் இருக்கின்றன. ஆட்களும் அறிவும் அங்கே இருக்கும்போது சென்னையில் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை.

இயல் இசை நாடக மன்றமும் கலை பண்பாட்டுத் துறையும் வரும் நிதியாண்டில் ஒரே ஒரு கலையை எடுத்துக்கொள்ளட்டும். கணியான் கூத்தாகவே இருக்கட்டும். அதை ஆடுகிற மூன்று நான்கு குழுக்களோடு பத்து ஆண்டுக்கு ஒப்பந்தம். அண்ணாவிக்கு மாதச் சம்பளம். கற்க வரும் பிள்ளைக்கு, பெண் பிள்ளைக்கும் சேர்த்து, மாத உதவித்தொகை. மாதம் ஓர் ஆட்டம், அந்த ஊரிலேயே. எதைக் கற்பிப்பது, யாரைச் சேர்ப்பது என்பதை அந்தச் சமூகத்துப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். கணக்கைப் பாளையங்கோட்டையில் ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், அடிக்கல் நாட்டு விழாவும் வேண்டாம். ஓர் அரசாணையும், மாதம் முதல் தேதியில் தவறாமல் போய்ச் சேரும் பணமும் போதும்.